ஓடுகிற பிள்ளையும் படிக்கிற பிள்ளையும்

பாடசாலையில் விளையாட்டுக்கும் படிப்புக்கும் இடையிலான சமநிலை பெரும்பாலும் ஒரு நேரக் கணக்காகவே எழுகிறது. இலங்கையின் அரச பாடசாலை காலை 7.30க்குத் தொடங்கிப் பிற்பகல் 1.30க்குக் கலைகிறது. 40 நிமிடப் பாடவேளைகள் எட்டு. மொத்தம் 320 நிமிடங்கள். மொழி, கணிதம், விஞ்ஞானம், சமயம், வரலாறு, அழகியல் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். ‘சுகாதாரமும் உடற்கல்வியும்’ தரம் 6 முதல் 9 வரை எல்லாருக்கும் உரிய பாடம். தரம் 10இல் அது விரும்பினால் எடுக்கும் பாடமாகிறது. உயர்தர வகுப்புக்கு வந்ததும் பெரும்பாலானோரின் நேர அட்டவணையிலிருந்து உடலுக்கான நேரமே இல்லாமல் போகிறது. எலும்பும் தசையும் விரைந்து வளரும் பருவத்தில் உடலுக்குரிய நேரம் இப்படிப் படிப்படியாகக் கழிபடுகிறது. மைதானத்தில் செலவாகும் ஒவ்வொரு மணியும் புத்தகத்திடமிருந்து பறித்த மணி என்ற நம்பிக்கையே இந்தக் கழித்தலின் அடிப்படை. அரை நூற்றாண்டுக்கு மேலாக ஆய்வாளர்கள் சோதித்துவருவதும் இதே நம்பிக்கையைத்தான்.

திருகோணமலை மாவட்டத்தில் விளையாட்டுக்கென ஒரு பருவம் இருக்கிறது. வாடைக்காற்றோடு ஐப்பசியில் பிடித்த மழை தையில் ஓய்ந்து, மைதானத்தில் தேங்கிய நீர் வடிந்ததும் அது தொடங்கும். சுண்ணாம்புக் கோடுகள் விழும். இல்லங்கள் எனப்படும் மாணவர் குழுக்கள் தத்தம் நிறத்தில் கூடாரம் கட்டும். மரதன் ஓட்டமும் தெரிகாண் போட்டிகளும் முடிந்து, அணிநடையும் உடற்பயிற்சிக் கண்காட்சியும் அஞ்சலோட்டமுமாக ஒரு மாலையில் இல்ல மெய்வல்லுநர் போட்டி நிறைவுபெறும். 1867இல் தோன்றிய புனித சூசையப்பர் கல்லூரி, 1897இல் தொடங்கிய ஸ்ரீ கோணேஸ்வரா இந்துக் கல்லூரி, 1923இல் பெண்களுக்காக நிறுவப்பட்ட ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி போன்ற பழைய பாடசாலைகள் முதல் கிண்ணியா, மூதூர், கந்தளாய், குச்சவெளிப் பாடசாலைகள் வரை இது பொதுவான வழக்கம். இல்லமுறை ஆங்கிலேயப் பாடசாலை மரபிலிருந்து வந்தது. இன்று அதன் போட்டி நாள் தமிழ்ப் பாடசாலை வாழ்வின் உயிர்த்துடிப்பான நாட்களில் ஒன்றாகிவிட்டது. அந்த ஒரு மாலைக்காக மாணவரும் ஆசிரியரும் வாரக்கணக்காக உழைக்கிறார்கள்; பழைய மாணவர்கள் ஊர் திரும்புகிறார்கள்.

அந்த மாலை முடிந்தபின் நடப்பதுதான் இங்கே ஆராய வேண்டியது. ஒரு வயதுப் பிரிவில் 120 மாணவர் இருப்பதாகவும், நான்கு இல்லங்களிலிருந்தும் இருவர் வீதம் 100 மீற்றர் இறுதிப் போட்டிக்கு வருவதாகவும் கொள்ளலாம். ஓடுவோர் 8 பேர். 112 பேர் கூடாரத்தில் இருந்து கைதட்டுகிறார்கள். அந்த எண்மரில் முதலிரு இடம் பெற்றவர்கள் கோட்டமட்டம் செல்வார்கள். அங்கிருந்து வலயம், மாகாணம், தேசியம் எனப் படி ஏறும்போது எண்ணிக்கை ஒன்றாகவும் பூச்சியமாகவும் சுருங்கும். மேலே செல்லும் பிள்ளைக்குப் பயிற்சி கூடுகிறது, பாடம் தவறுகிறது. மற்றப் பிள்ளைகளுக்கு அடுத்த தை வரை போதிய உடலசைவு பெரும்பாலும் இல்லை. ஆகவே சமநிலை இரண்டு இடங்களில், இரண்டு எதிர்த்திசைகளில் குலைகிறது. பொதுப் பேச்சில் வருவது முதலாவது குலைவு மட்டுமே. இரண்டாவதே அதிகமான பிள்ளைகளைப் பாதிக்கிறது.

இது உலகெங்கும் உள்ள நிலை. 146 நாடுகளில் 11 முதல் 17 வயதுக்குட்பட்ட 16 லட்சம் மாணவரின் தரவுகளைத் தொகுத்த உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆய்வு 2016ஆம் ஆண்டு நிலையைக் கணித்தது. 81 சதவீதமானோருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை. ஆண்பிள்ளைகளில் 78 சதவீதம், பெண்பிள்ளைகளில் 85 சதவீதம். போதியது என்று அந்நிறுவனம் கொள்வது நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம், மூச்சு வேகமாகும் அளவுக்கான அசைவு. அது போட்டி விளையாட்டாக இருக்க வேண்டியதில்லை. நடந்து பாடசாலை செல்வது, சைக்கிள் மிதிப்பது, கிளித்தட்டு மறிப்பது, கரைவலை இழுப்பது எல்லாம் கணக்கில் சேரும். நிலாவெளியிலோ குச்சவெளியிலோ விடியலில் தகப்பனோடு வலைக்கயிறு பிடிக்கும் சிறுவன் பதக்கம் எதையும் பெறாமலே அந்த 60 நிமிடத்தை முடித்திருக்கக்கூடும். நகரத்தில் முச்சக்கர வண்டியில் வகுப்புக்கும் அங்கிருந்து இன்னொரு வகுப்புக்கும் கொண்டுசெல்லப்படும் பிள்ளைக்கு அந்த வாய்ப்பு இல்லை.

நேரத்தைப் பறித்தால் மதிப்பெண் குறையுமா என்ற கேள்வியை நேராகச் சோதித்த ஆய்வுகளில் முன்னோடியானது கனடாவின் கியூபெக் மாநிலத்தில் உள்ள துருவா ரிவியே நகரில் 1970களில் நடந்தது. 546 ஆரம்பப் பாடசாலை மாணவர் அதில் பங்கேற்றனர். ஒரு பகுதியினருக்கு நாள்தோறும் ஒரு மணிநேரம் மேலதிக உடற்கல்வி, தேர்ந்த ஆசிரியரைக் கொண்டு வழங்கப்பட்டது. அந்த நேரம் மற்றப் பாடங்களிலிருந்து எடுக்கப்பட்டது. அவர்களின் பாட நேரம் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைந்தது. முதலாம் தரத்தில் மற்றக் குழுவினரே சற்று முன்னே இருந்தார்கள். இரண்டாம் தரத்திலிருந்து ஆறாம் தரம் வரை, பாட நேரம் குறைக்கப்பட்டவர்களே கூடுதல் மதிப்பெண் பெற்றார்கள். குறைந்த நேரம் கூடுதல் கற்றலைத் தந்தது என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடக் கூடாது. ஆனால் எடுத்த நேரம் வீணாகவில்லை என்பது உறுதி.

சுவீடனின் மல்மோ நகருக்கு அருகிலுள்ள புங்கெஃப்லோ என்ற இடத்தில் 1999இல் தொடங்கிய ஆய்வு இன்னும் நீண்ட காலத்துக்குச் சென்றது. தரம் 1 முதல் 9 வரை, ஒரு குழுவுக்கு வாரத்தில் ஐந்து நாளும் உடற்கல்வி. மற்றக் குழுவுக்கு வழக்கம்போல இரண்டு நாள். கைகால் இயக்கத்தில் பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தனிப் பயிற்சியும் கொடுக்கப்பட்டது. ஒன்பதாம் தர முடிவில், இயக்கத்திறன் குறைபாடு முதற்குழுவில் 7 சதவீதத்தினரிடமும் மற்றக் குழுவில் 47 சதவீதத்தினரிடமும் காணப்பட்டது. மேல்நிலைக் கல்விக்குத் தகுதி பெற்றோர் முறையே 96 சதவீதமும் 89 சதவீதமும். இதன் முதல் இணை எண்களே வியப்பானவை. வாரத்தில் இரண்டு நாள் உடற்கல்வியுடன் வளர்ந்த பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப்பேர், உடலைச் செம்மையாக இயக்கக் கற்காமலே பதினைந்து வயதை எட்டியிருக்கிறார்கள். வாசிப்பைப் போல ஓடுவதும் பாய்வதும் எறிவதும் கற்றுக்கொடுத்தால் வரும் திறன்களே. பிறவியிலேயே இருந்துவிடும் என எண்ணிக் கற்பிக்காமல் விடும்போது அவை வருவதில்லை.

எல்லா ஆய்வும் இப்படி முடியவில்லை. நோர்வேயில் 57 பாடசாலைகளைச் சேர்ந்த 1,129 பத்து வயதுப் பிள்ளைகளை வைத்து ஏழு மாதம் நடந்த பெரிய சோதனை, அசைவைக் கூட்டியதால் மொத்தத்தில் மதிப்பெண் உயரவில்லை என்று 2016இல் அறிவித்தது. அதே ஆய்வில், தொடக்கத்தில் கணிதத்தில் மிகப் பின்தங்கியிருந்த மூன்றிலொரு பங்கினர் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். ஓடினால் எல்லாரும் முதலாம் பிள்ளை ஆகிவிடுவார்கள் என்று சொல்ல இடமில்லை. சொல்லக்கூடியது இவ்வளவு: நாளாந்த உடலசைவுக்காக எடுத்த நேரம் படிப்பைக் கெடுத்ததாகச் சான்று இல்லை, நன்மை கிடைக்கும்போது அது பெரும்பாலும் பின்வாங்கில் இருக்கும் பிள்ளைக்கே முதலில் கிடைக்கிறது. ‘படிப்பு ஏறவில்லை, மைதானம் எதற்கு’ என்று மாலை விளையாட்டிலிருந்து நிறுத்தப்படுவதும் அதே பிள்ளைதான். இந்தத் தண்டனை நோய்க்கு மருந்தை நிறுத்துவது போன்றது.

அசைவு மூளைக்குள் செய்வது என்ன என்பதில் ஓரளவு தெளிவு கிடைத்திருக்கிறது. வளர்ந்தவரின் மூளை உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதம். ஓய்வில் இருக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் அது ஏறத்தாழ 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. இவ்வளவு பசியுள்ள உறுப்புக்குக் குருதி ஓட்டம் கூடுவதே ஒரு நன்மை. அத்துடன் உடற்பயிற்சியின்போது பிடிஎன்எஃப் எனப்படும் ஒரு புரதத்தின் அளவும் உயர்கிறது. நரம்புக் கலங்கள் பிழைத்திருக்கவும், அவற்றிடையே புதிய இணைப்புகள் உண்டாகவும் உதவுவது இது. செடிக்கு இடும் பசளை போல என்று விளக்குவார்கள். நினைவுகளைப் பதித்துவைக்கும் ஹிப்போகம்பஸ் என்ற பகுதியில் இதன் செயல் முக்கியமானது. ஓராண்டு தொடர்ந்து நடைப்பயிற்சி செய்த முதியவர்களிடம் அப்பகுதி ஏறத்தாழ 2 சதவீதம் பெருத்திருந்ததை 2011இல் அமெரிக்க ஆய்வொன்று படம்பிடித்துக் காட்டியது. வயதோடு சுருங்கும் என்று மட்டும் அறியப்பட்டிருந்த பகுதி அது.

பிள்ளைகளைப் பொறுத்தவரை இல்லினோய் பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் ஹில்மன் குழுவினர் செய்த சோதனைகள் எளிமையானவை. ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள் ஒரு நாள் 20 நிமிடம் விரைந்து நடந்தார்கள். இன்னொரு நாள் 20 நிமிடம் அமர்ந்திருந்தார்கள். பிறகு திரையில் வரிசையாக அம்புகள் காட்டப்பட்டன. நடுவிலுள்ள அம்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சொல்ல வேண்டும். அக்கம்பக்கத்து அம்புகள் எதிர்ப்பக்கம் காட்டிக் கவனத்தைக் கலைக்கும். நடந்த நாளில் பிள்ளைகளின் விடைகள் கூடுதலாகச் சரியாக இருந்தன, வாசித்து விளங்கும் திறனும் கூடியிருந்தது. சோதிக்கப்பட்ட அந்தத் திறன், கவனத்தை இழுப்பவற்றைத் தள்ளிவைத்து வேண்டியதைப் பற்றிக்கொள்வது, கணக்குச் செய்யும்போதும் கட்டுரை எழுதும்போதும் வேண்டியது. அதே குழு 221 பிள்ளைகளைக் கொண்டு ஒன்பது மாதம் பாடசாலை நேரத்தின் பின் விளையாட்டுத் திட்டம் நடத்தி, 2014இல் வெளியிட்ட முடிவும் இதை உறுதிப்படுத்தியது.

இளைஞர் பற்றிய மிகப் பெரிய தரவுகளில் ஒன்று மீண்டும் சுவீடனிலிருந்தே வருகிறது. 18 வயதில் இராணுவப் பதிவுக்கு வந்த ஏறத்தாழ 12 லட்சம் ஆண்களின் உடல், அறிவுச் சோதனைகளை ஒப்பிட்ட ஆய்வு 2009இல் வெளியானது. இதய, நுரையீரல் வலுவோடு அறிவுத்திறன் மதிப்பு சேர்ந்து உயர்ந்தது. தசை வலுவோடு அவ்வாறு உயரவில்லை. இரட்டையரை ஒப்பிட்டபோது இந்தத் தொடர்புக்குப் பரம்பரையைவிடச் சூழலே பெரிதும் காரணம் எனத் தெரிந்தது. பாடசாலைக்கு இதிலிருந்து கிடைக்கும் செய்தி நடைமுறையானது: பாரம் தூக்கும் அறையையும் விலையுயர்ந்த கருவியையும் எதிர்பார்த்திருக்க வேண்டாம். மூச்சு வாங்க ஓடி விளையாட ஒரு வெளி போதும்.

உடலசைவின் பயன் மூளையோடு நிற்கவில்லை. வாழ்நாளில் சேரக்கூடிய உச்ச எலும்புத் திணிவில் ஏறத்தாழ 90 சதவீதம் 20 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. பாய்ந்து குதிக்கும்போது கிடைக்கும் அதிர்வே அதைக் கட்டும் தூண்டுதல். கண்ணுக்கும் பயன் உண்டு. சீனாவின் குவாங்சோ நகரில் ஆரம்பப் பாடசாலைகளில் நாளுக்கு 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டபோது, மூன்றாண்டில் கிட்டப்பார்வை வந்த பிள்ளைகள் 30.4 சதவீதம், வழக்கம்போல நடந்த பாடசாலைகளில் 39.5 சதவீதம். அங்கே பயன் தந்தது பெரும்பாலும் திறந்தவெளியின் வெளிச்சம்.

இனி நேரத்தின் உண்மையான போட்டியாளனைப் பார்க்க வேண்டும். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை, சாதாரண தரம், உயர் தரம் என்ற மூன்று வாசல்களையும் சுற்றித் தனியார் வகுப்புகள் வளர்ந்துள்ளன. பாடசாலை தொடங்குமுன் விடியலில் ஒன்று, விட்டபின் ஒன்று, இரவு ஒன்று, சனி ஞாயிறு முழுவதும் என அவை பிள்ளையின் நாளை நிரப்புகின்றன. பெற்றோரைக் குறைசொல்ல முடியாது. பல்கலைக்கழக இடங்களில் பெரும்பகுதி 40 சதவீதம் அகில இலங்கைத் தகுதி, 55 சதவீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்ற அடிப்படையில் பகிரப்படுகிறது. திருகோணமலையும் அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் உள்ளது. அதனால் திருகோணமலைப் பிள்ளை உயர்தரப் பெறுபேற்றின் இசட் புள்ளியில் பெரிதும் போட்டியிடுவது இன்னொரு திருகோணமலைப் பிள்ளையோடுதான். கூத்துக்களரியில் முன்வரிசை எழுந்து நின்றால் பின்னால் இருப்பவர் எல்லாரும் எழ வேண்டியிருக்கும். எவருக்கும் கூத்து முன்னைவிட நன்றாகத் தெரியாது, கால் மட்டும் வலிக்கும். விடியல் வகுப்பும் அத்தகையது. மாவட்டம் முழுவதும் ஒரு மணி நேரத்தைக் குறைத்துக்கொண்டால் வரிசை பெரிதாக மாறப்போவதில்லை. தனி ஒரு வீடு குறைத்துக்கொள்ள அஞ்சுவது நியாயமே. ஆகவே இதைத் தனி வீட்டின் துணிவுக்கு விட்டுவிட முடியாது. வலயமும் மாகாணமும் சேர்ந்து தீர்மானிக்க வேண்டிய விடயம் இது. அறநெறி வகுப்புக்காக ஞாயிறு காலைத் தனியார் வகுப்புகளை நிறுத்தவேண்டும் என்ற கோரிக்கை தமிழ்ப் பகுதிகளில் எழுந்திருக்கிறது. விளையாட்டு நேரத்துக்கும் அப்படியொரு கோரிக்கை எழுவதற்குப் போதிய காரணம் உண்டு.

வகுப்பும் பயிற்சியும் மோதும்போது இழப்பது பெரும்பாலும் தூக்கம். 13 முதல் 18 வயதினருக்கு இரவில் 8 முதல் 10 மணி நேரமும், 6 முதல் 12 வயதினருக்கு 9 முதல் 12 மணி நேரமும் தூக்கம் தேவை என்பது மருத்துவர் பரிந்துரை. பகலில் கற்றது நீடித்த நினைவாக உறைவது தூக்கத்தில். இரவு 11க்குப் படுத்து அதிகாலை 4.30க்கு எழும் மாணவருக்குக் கிடைப்பது ஐந்தரை மணி நேரம். முந்திய நாள் படித்ததில் ஒரு பகுதியை அவர் விடியுமுன்னே இழந்துவிடுகிறார். தூக்கம் குறைந்த உடல் மைதானத்திலும் எளிதில் காயப்படும். படிப்பும் விளையாட்டும் ஒன்றையொன்று அழிக்கின்றன என்ற தோற்றம் எழுவது இந்த இடத்தில்தான். அழிவது உண்மையில் இரண்டுக்கும் பொதுவான அடித்தளம்.

திருகோணமலைக்கு இன்னொரு தடை, வெப்பம். பெப்ரவரியில் பகல்நேரச் சராசரி உச்ச வெப்பநிலை 29 பாகை செல்சியஸுக்கு அருகில் நிற்கும். ஏப்ரலில் 33, யூனில் 35. தென்மேல் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் இழந்து, கச்சான் காற்றாகக் கிழக்குக் கரைக்கு இறங்கிவரும் மாதம் யூன். தசை எரிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே அசைவாகிறது, மீதி வெப்பம். அதை வெளியேற்ற உடலுக்குள்ள முதன்மை வழி வியர்வை ஆவியாதல். ஒரு லீற்றர் வியர்வை முழுதாக ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் நீங்கும். கடலோர ஈரக்காற்றில் வியர்வை ஆவியாகாமல் வழிந்து சொட்டுகிறது. அப்படிச் சொட்டிய வியர்வை உடலைக் குளிர்விக்காது. இதனால்தான் விளையாட்டு மருத்துவர்கள் வெறும் வெப்பமானியை நம்புவதில்லை. ஈரத்துணி சுற்றிய வெப்பமானிக்கு 70 சதவீதம், வெயிலை உறிஞ்சும் கறுப்புக் குமிழுக்கு 20 சதவீதம், சாதாரண வெப்பமானிக்கு 10 சதவீதம் என நிறைகொடுத்து ஒரு கூட்டு அளவு கணக்கிடப்படுகிறது. ஈரத்துக்கு அதில் கொடுத்த நிறையே ஆபத்து எங்கிருந்து வருகிறது என்பதைக் காட்டும்.

வெப்பத்துக்குப் பழக உடலுக்கு ஒன்று முதல் இரண்டு வாரம் வேண்டும். பழகியபின் வியர்வை விரைவில் தொடங்கும், அதில் உப்புக் குறையும், குருதியின் கனவளவு கூடும். ஆண்டு முழுதும் வாங்கில் இருந்த பிள்ளையை மார்ச் மாத வெயிலில் திடீரென மரதன் ஓட்டத்துக்கு இறக்குவது இதனால்தான் ஆபத்தானது. 2024 மார்ச்சில் கிழக்கு மாகாணத்தின் இன்னொரு மாவட்டத்தில் பாடசாலை மரதனில் ஓடிய மாணவர் ஒருவர் உயிரிழந்தது மாகாணத்தையே உலுக்கியது. அவ்வாண்டு கடும் வெப்ப நாட்களில் மாணவரை வெளியே விளையாட்டில் ஈடுபடுத்துவதைத் தவிர்க்குமாறு கல்வி அமைச்சும் அறிவுறுத்தியது. ஓடும் பிள்ளை தள்ளாடினால், தொடர்பில்லாமல் பேசினால், அது வெப்பத்தாக்கின் அறிகுறியாக இருக்கலாம். உடலின் உள்வெப்பம் 40 பாகையைத் தாண்டியிருக்கும். நிழலுக்குக் கொண்டுபோய்க் குளிர்நீரில் அமிழ்த்தியோ உடல் முழுதும் நீரூற்றி விசிறியோ முதலில் குளிர்விக்க வேண்டும். வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வது அதற்கு அடுத்தது. முதல் அரைமணி நேரமே உயிரைத் தீர்மானிக்கிறது. மரதன் பாதையில் ஒரு நீர்த்தாங்கியும் பனிக்கட்டியும் இதை அறிந்த ஓர் ஆசிரியரும் இல்லாமல் ஓட்டம் தொடங்கவே கூடாது.

வெப்பம் வகுப்பறையையும் விடவில்லை. ஒரு கோடி அமெரிக்க மாணவரின் பரீட்சைத் தரவுகளை ஆராய்ந்த ஆய்வொன்று 2020இல் வெளியானது. குளிரூட்டி இல்லாத பாடசாலைகளில், பாடசாலை ஆண்டின் சராசரி வெப்பம் ஒரு ஃபாரன்ஹைட் பாகை கூடினாலே அந்த ஆண்டின் கற்றல் ஏறத்தாழ 1 சதவீதம் குறைகிறது. தகரக் கூரைக்கீழ் நண்பகலில் நடக்கும் பாடவேளையும் அதே வெயிலுக்கு விலைகொடுக்கிறது. மைதானத்தின் ஓரத்திலும் வகுப்பறை முற்றத்திலும் வேம்பும் மருதும் நடுவது விளையாட்டுக்கும் படிப்புக்கும் ஒருங்கே செய்யும் செலவு.

கிண்ணியா, மூதூர் போன்ற இடங்களின் முஸ்லிம் பாடசாலைகளுக்கு வேறொரு நாட்காட்டி இருக்கிறது. ரமழானுக்கு அவை விடுமுறை விடுகின்றன. சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவு என்பதால் நோன்பு ஒவ்வோர் ஆண்டும் முன்னோக்கி நகரும். 2024இல் மார்ச் நடுவில் தொடங்கியது. 2025இல் மார்ச் முழுவதையும் பிடித்தது. 2026இல் பெப்ரவரிக்குள் வந்துவிட்டது. மழை ஓய்வதற்கும் நோன்பு பிறப்பதற்கும் இடையில் கிடைக்கும் சில வாரங்களில் பயிற்சி, தெரிகாண் போட்டி, இல்லப் போட்டி எல்லாம் நெருக்கப்படுகின்றன. அவசரப் பயிற்சியில் காயம் கூடும் என்பது தெரிந்ததே. ஆண்டு முழுதும் சிறிது சிறிதாக ஓடும் பழக்கம் உள்ள பாடசாலைக்கு இந்த நெருக்கடி வலிக்காது.

பெண்பிள்ளைகளிடம் விலகல் பருவ வயதில் தொடங்குகிறது. உடை பற்றிய கூச்சம், மாலையில் தனியே வீடு திரும்பும் அச்சம், பெண் உடற்கல்வி ஆசிரியர் இல்லாமை, மாதவிடாய் நாட்களுக்கு ஏற்ற கழிப்பறையும் தண்ணீரும் இல்லாமை ஆகியவை காரணம். ஆர்வம் குறைந்துவிட்டது என்று அதை எழுதிவைப்பது பிள்ளைக்குச் செய்யும் அநீதி. இதனோடு குருதிச்சோகையும் சேர்கிறது. குருதியில் ஒட்சிசனைக் காவும் இரும்புச்சத்து குறைந்தால் ஓட்டத்தில் மூச்சு முட்டும். வகுப்பில் கவனம் தளரும். சோற்றோடு அல்லது சாப்பிட்ட கையோடு குடிக்கும் பிளேன்டீயில் உள்ள தனின் இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. சூடை, நெத்தலி போன்ற மீன்கள் அதை எளிதாக்குகின்றன. தேசிக்காய்ப் புளியும் உதவும். தேத்தண்ணீரை ஒரு மணி நேரம் தள்ளிவைப்பதும் தட்டில் இரண்டு மீன் கூடுவதும் கடலோர வீட்டுக்குக் கைக்கெட்டாதவை அல்ல.

மறுபக்கக் குலைவு, பதக்கம் பெறும் பிள்ளையினது. மாகாணமட்டத்துக்குத் தெரிவான மாணவர் 100 மீற்றரும் ஓடி, நீளமும் பாய்ந்து, அஞ்சலோட்டத்திலும் நின்று, மாலையில் உதைபந்தாட்ட அணிக்கும் அழைக்கப்படுகிறார். அமெரிக்காவில் ஏறத்தாழ 1,200 இளம் விளையாட்டாளரைப் பார்த்த நீரு ஜெயந்தி என்ற மருத்துவரின் குழு 2015இல் எளிய அளவுகோல் ஒன்றைத் தந்தது. வாரத்தில் தன் வயதின் எண்ணிக்கையைவிடக் கூடுதல் மணி நேரம் ஒழுங்குபடுத்தப்பட்ட பயிற்சி செய்யும் பிள்ளைகளிடம் கடும் காயங்கள் கூடியிருந்தன. 14 வயதுப் பிள்ளைக்கு வாரம் 14 மணி எல்லை. பயிற்சி நேரம் சுதந்திரமாக விளையாடும் நேரத்தின் இரு மடங்கைத் தாண்டினாலும் அதே விளைவு. வளர்முனைக் குருத்தெலும்புகள் இன்னும் இறுகாத வயதில் முழங்காலுக்குக் கீழே எழும் வலியை ‘தாங்கிக்கொள்’ என்று சொல்வது பயிற்சியாகாது.

தவறிய பாடத்தை ஈடுசெய்வது பாடசாலையின் கடமை. வெற்றிக் கிண்ணம் அதிபரின் அலுமாரிக்கு வருகிறது. தவறிய அலகுகள் பிள்ளையின் கணக்கில் எழுதப்படுகின்றன. போட்டிக்குச் சென்ற நாட்களின் குறிப்புகளை வகுப்பாசிரியர் எடுத்துவைப்பதும், திரும்பியதும் இரண்டு வாரம் தனி நேரம் ஒதுக்குவதும் பணச் செலவில்லாத ஏற்பாடுகள். விளையாட்டில் மிளிர்ந்தோருக்குப் பல்கலைக்கழகத்தில் சிறப்பு அனுமதி உண்டு. ஆனால் அதற்கும் உயர்தரத்தில் அடிப்படைத் தகுதி வேண்டும். ஓடிய கால்களை நம்பிப் புத்தகத்தை மூடியவருக்கு அந்த வாசலும் திறக்காது.

இரண்டையும் சேர்த்து நடத்திக் காட்டிய தமிழர் ஒருவர் உண்டு. 1934இல் பிறந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படித்தவர். 1952இல், 17 வயதில், ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் உயரம் பாய்ந்தார். 1956இல் மெல்பேர்ணிலும் போட்டியிட்டார். 1958இல் தோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர் பாய்ந்து, இலங்கைக்கு ஆசிய விளையாட்டில் முதல் தங்கப் பதக்கத்தைக் கொண்டுவந்தார். கலிபோர்னியாவில் பட்டப்படிப்பு, பின்பு கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம், அதன்பின் பல நாடுகளில் கல்விப் பணி என அவர் வாழ்வு தொடர்ந்தது. எல்லாரும் அவராக முடியாது. உயரம் பாய்தல் அவருடைய படிப்பைத் தின்றுவிடவில்லை என்பது மட்டும் இங்கே போதும். பாய்ச்சலுக்குத் தேவைப்பட்ட ஒழுங்கும் நூலகத்தில் தேவைப்பட்ட ஒழுங்கும் ஒரே மனிதரிடம் ஒரே வயதில் வளர்ந்தன.

உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்றின் கரையில் இருக்கும் திருகோணமலை மாவட்டத்தில் நீச்சல் பெரும்பாலான பாடசாலைகளில் கற்பிக்கப்படுவதில்லை. வெயில் மிகுந்த மாதங்களில் உடலைச் சூடேற்றாமலே இதயத்தையும் நுரையீரலையும் உழைக்கவைக்கும் பயிற்சி அது. மூட்டுக்கு அதிர்ச்சி இல்லை. கடலையும் குளத்தையும் அன்றாடம் கடக்கும் பிள்ளைகளுக்கு அது உயிர்காக்கும் கல்வியும்கூட. அலை அடங்கிய குடாக்களும், கடலறிந்த மீனவரும், கடற்படையின் பயிற்சிக் கல்லூரியும் இங்கேயே இருக்கின்றன.

நாளில் எந்த நேரத்தை எடுப்பது என்பது ஊருக்கு ஊர் மாறும். நகரத்தில் இரண்டு குளிர்ந்த இடைவெளிகள் உண்டு: சூரியன் எழுந்தது முதல் 7.15 வரை ஒன்று, வெயில் சாயும் 4.45 முதல் 6.15 வரை மற்றது. இரண்டையும் இன்று தனியார் வகுப்புகள் பிடித்திருக்கின்றன. வாரத்தில் மூன்று மாலைகளை வலயம் முழுவதற்கும் பொதுவாக விடுவித்தால் மெக்கெய்சர் விளையாட்டரங்கும் பாடசாலை மைதானங்களும் 112 பேரையும் ஏற்கும். வெருகல், ஈச்சிலம்பற்று, மொறவெவ பக்கங்களில் மாலை என்ற வாய்ப்பே கிடையாது. கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பொழுது சாய்ந்தால் சில பாதைகளில் யானை இறங்கிவிடும். அங்கே உடலுக்கான நேரத்தை 7.30க்கும் 1.30க்கும் உள்ளேயே, முதலாம் பாடவேளையிலேயே எடுக்க வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் வெயில் இன்னும் வேலியோரத்துப் பனைகளைத் தாண்டி மேலே ஏறியிருக்காது.